மதுரையில் ஒரு நகல்

2006இல் நான் வேலைக்குச் சேர்ந்த நிறுவனம் மருந்து மொத்த விநியோகம் செய்தது. ஈக்காட்டுத்தாங்கலில், அடையாற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் அலுவலகமும் கிடங்கும் இருந்தன. காலை 6 மணிக்கு வேன்கள் காஞ்சிபுரம், வேலூர், திண்டிவனம் என்று புறப்பட்டாக வேண்டும். அதற்குள் பில் அடித்து முடித்திருக்க வேண்டும். கடைக்குப் போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் பேட்ச் எண், காலாவதித் தேதி, விலை எல்லாம் ஆரக்கிள் டேட்டாபேஸிலிருந்துதான் வரும். அது நின்றுவிட்டால் கிடங்கு நிறைய மருந்து இருந்தும் எது எந்த அடுக்கில் இருக்கிறது, எந்தப் பேட்ச் முந்திக் காலாவதியாகும் என்று சொல்ல ஆளில்லை.

அந்த டேட்டாபேஸின் பேக்கப் இரவு 11 மணிக்குத் தொடங்கும். டேப் டிரைவ் அதே சர்வரில் மாட்டியிருந்தது. ஒவ்வொரு டேபிள்ஸ்பேஸாக பேக்கப் மோடுக்குக் கொண்டுபோய், அதன் கோப்புகளை டேப்பில் எழுதி, பிறகு விடுவிப்பார்கள். தரவு குறைவாக இருந்த காலத்தில் விடிவதற்கு வெகுமுன்பே முடிந்துகொண்டிருந்த வேலை, நான் போனபோது வேன் புறப்படும் நேரத்தை முட்டிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் பில் போடும் பெண்கள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நேரம் மட்டுமே சிக்கல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் டேட்டாபேஸ் தன் தரவை 8 கிலோபைட் பிளாக்குகளாக எழுதியது. கோப்பை நகலெடுக்கும் லினக்ஸ் கட்டளைக்கு அந்த பிளாக் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியாது. அது ஒரு பிளாக்கின் முன்பாதியைப் படித்து முடித்த கணத்தில் ஆரக்கிள் அதே பிளாக்கை மாற்றி எழுதினால், டேப்பில் முன்பாதி பழையதும் பின்பாதி புதியதுமாக ஒட்டுப்போட்ட பிளாக் ஒன்று சேர்ந்துவிடும். இதைச் சரிக்கட்டத்தான் பேக்கப் மோட். அந்த நிலையில் ஒரு பிளாக் முதன்முறை மாறும்போது, மாற்றத்தை மட்டும் குறிக்காமல் முழு பிளாக்கையும் ஆரக்கிள் ரீடோ லாகில் எழுதி வைக்கும். பிறகு மீட்கும்போது அந்த முழு பிளாக்கை எடுத்து ஒட்டுப்போட்டதன் மேல் வைத்துவிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேக்கப் மணிக்கணக்கில் நீண்டால் லாகும் வீங்கிக்கொண்டே போகும். நிரம்பிய லாகுகளின் பிரதியான ஆர்க்கைவ் லாக் வைக்கும் டிஸ்க் நிரம்பினால், இடம் கிடைக்கும்வரை ஆரக்கிள் எந்த மாற்றத்தையும் ஏற்காமல் நின்றுவிடும். அப்படி நின்ற இரவுகளும் உண்டு.

எங்கள் சிஸ்டம்ஸ் பிரிவின் தலைவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். கோவில்பட்டிக்காரர், ரீல் டேப் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருந்தவர். புதிய ஸ்டோரேஜ் பெட்டி வாங்குவதென்று முடிவானபோது அவர் என் மேசையில் ஓர் அச்சுப்பிரதியை வைத்தார். நெட்ஆப் நிறுவனத்தின் டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் மூவரும் 1994இல் தங்கள் ஃபைல் சிஸ்டம் பற்றி எழுதிய கட்டுரை அது. "ஸ்னாப்ஷாட்னு எல்லாரும் சொல்லுதாங்கள்லா, அது உள்ள என்ன நடக்குன்னு இத வாசிச்சுட்டு வா தம்பி," என்றார்.

இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். அவர்களுடைய முறையில் பழைய பிளாக்கின் மேல் எழுதுவதே கிடையாது. மாறியது வேறோர் இடத்துக்குப் போகும். பழையது இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே ஸ்னாப்ஷாட் என்பது பழைய பிளாக்குகளின் முகவரிப் பட்டியலை விட்டுவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வதுதான். லினக்ஸின் எல்விஎம் அப்போது செய்தது இன்னொரு முறை. பேரேட்டில் ஒரு வரியைத் திருத்தும் முன் பழைய வரியைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளும் கணக்கப்பிள்ளைபோல, ஒரு பிளாக் மாறப்போகும் கணத்தில் அதன் பழைய உருவத்தைத் தனி இடத்தில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு மாற்றும். இரண்டிலும் ஸ்னாப்ஷாட் எடுக்க ஆவது சில நொடிகள்தான், ஏனென்றால் எடுக்கும் நேரத்தில் எதுவுமே நகலாவதில்லை. நூறு கிகாபைட் டேட்டாபேஸ் ஒரு கணத்தில் அசையாமல் நிற்கும் என்பதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேக்கப் மோடில் டேட்டாபேஸ் இருக்கவேண்டிய நேரம் மணிக்கணக்கிலிருந்து நொடிக்கணக்குக்கு வந்துவிடும்.

நிர்வாகத்துக்கும் அது பிடித்திருந்தது. பிடிக்காதது, அண்ணாச்சியின் பட்டியலில் அடுத்து இருந்த இரண்டாவது சர்வரும் அதற்கென்று தனி டிஸ்க்குகளும்தான். கூட்டத்தில் பொது மேலாளர் கேட்டார்: "ரெய்டு இருக்கு, ஸ்னாப்ஷாட்டும் வருது. அப்புறம் இன்னொரு சர்வர் எதுக்குங்க?"

"சார், ரெய்டு டிஸ்க் கெட்டா காப்பாத்தும். யாராவது ஒரு டேபிள அழிச்சுட்டா, அந்த அழிப்ப எல்லா டிஸ்க்குலயும் எழுதிரும். ஸ்னாப்ஷாட் அழிப்புலேர்ந்து காப்பாத்தும். ஆனா மாறாத பிளாக் எல்லாம் அதே பழைய டிஸ்க்குலதான இருக்கு? அடியில அது போச்சுன்னா ஸ்னாப்ஷாட்டும் சேந்து போயிரும். அதுபோக, ஸ்னாப்ஷாட்டப் படிச்சு டேப்புல எழுதினா அதே டிஸ்க்குதான சுத்தணும்? காலையில பில்லு மறுபடி நிக்கும்."

புதுச் சர்வர் கிடைக்கவில்லை. ஓய்வு கொடுத்திருந்த பழைய பில்லிங் சர்வரைத் துடைத்து எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. தனி டிஸ்க்குகளுக்குப் பணமும் கிடைத்தது. அதை வைத்து முழு நகல் முறையை அமைத்தோம். ஸ்டோரேஜ் பெட்டிக்குள்ளேயே மூல வால்யூமுக்கு இணையாக வேறு டிஸ்க்குகளில் ஒரு பிரதி ஓடிக்கொண்டிருக்கும். குறித்த நேரத்தில் அதைப் பிரித்தெடுத்து இரண்டாவது சர்வருக்குக் காட்ட வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி இணைத்தால், இடையில் மாறிய பிளாக்குகள் மட்டும் வந்து சேர்ந்துகொள்ளும்.

அந்த வரிசையை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். ஆரக்கிள் 10ஜியில் முழு டேட்டாபேஸையும் ஒரே கட்டளையில் பேக்கப் மோடுக்குக் கொண்டுபோக முடிந்தது. கொண்டுபோய், தரவு வால்யூம்கள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் பிரிக்க வேண்டும். உடனே பேக்கப் மோடை முடித்து, ஓடிக்கொண்டிருக்கும் லாகை மூடி ஆர்க்கைவுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆர்க்கைவ் லாக் வால்யூமைப் பிரிக்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டும் இடம் மாறினால் நகல் இருக்கும், ஆனால் திறக்காது; அதை நேர்செய்யத் தேவையான லாகின் கடைசித் துண்டு மூல சர்வரில் மட்டும் இருக்கும்.

நகலை மூல சர்வருக்கே காட்டக்கூடாது என்பதில் அண்ணாச்சி கடும் கண்டிப்பு. பிரித்தெடுத்த வால்யூமின் அடையாள எண் மூலத்தின் எண்ணேதான்; இரண்டையும் ஒரே லினக்ஸ் பார்த்தால் எது எது என்று அதற்குத் தெரியாது. நகலென்று நினைத்து அசலில் எழுதும் ஆபத்து அங்கே இருக்கிறது. இரண்டாவது சர்வரில்கூட அடையாள எண்ணை மாற்றிய பிறகே மவுண்ட் செய்வோம்.

மவுண்ட் செய்ததும் முதலில் டேப். டேப் முடிந்த பிறகு அண்ணாச்சி சேர்த்த ஒரு படி உண்டு: லாகுகளைச் செலுத்தி, அந்த நகல் டேட்டாபேஸை நிஜமாகவே திறப்பது. ஆரக்கிளில் அப்படித் திறந்துவிட்டால் அந்தப் பிரதி தனிவழி போய்விடும். மறுபடி மூலத்தின் லாகுகளை ஏற்காது. ஆகவே டேப்பில் பத்திரமான பிறகே திறக்கவேண்டும். திறந்து மூன்று கேள்வி கேட்போம்: கடைசி பில் எண் என்ன, கடைசியாக வரவு வைத்த பேட்ச் எது, கிடங்கு இருப்பின் மொத்தத் தொகை எவ்வளவு. மூன்று விடையும் மூல சர்வரின் விடையோடு பொருந்தினால் அண்ணாச்சியின் செல்போனுக்கு ஒரு எஸ்எம்எஸ். அதைப் பார்த்த பிறகுதான் அவர் காபி குடிப்பார் என்று அவர் வீட்டில் சொல்வார்கள்.

என் வயதுக்காரர்கள் சிலருக்கு இந்தக் கடைசிப் படி வீண்வேலையாகத் தெரிந்தது. டேப் வெற்றி என்று திரை சொல்கிறது, பிளாக்குகளைச் சோதிக்கும் கருவியும் பழுதில்லை என்கிறது, பிறகு எதற்குத் தினமும் திறந்து பார்ப்பது? ஒரு திங்கட்கிழமை காலை அதற்கு விடை வந்தது. நகல் திறக்கவில்லை, ஒரு தரவுக் கோப்பைக் காணவில்லை என்றது. வார இறுதியில் இடம் பற்றாமல், வெளியிலிருந்து வந்த ஒப்பந்தப் பொறியாளர் டேட்டாபேஸுக்குப் புதிய கோப்பு ஒன்றைச் சேர்த்திருந்தார். அதைக் காலியாக இருந்த வேறொரு வால்யூமில் வைத்துவிட்டார். அந்த வால்யூம் எங்கள் பிரிக்கும் பட்டியலில் இல்லை. மூல சர்வரில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. பிரிப்பு வெற்றி, டேப் வெற்றி, டேப்பில் போன ஒவ்வொரு பிளாக்கும் பழுதற்றது. இல்லாத கோப்பைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. நகலைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்த ஓட்டையோடு மாதக்கணக்கில் டேப்புகளை அடுக்கிக்கொண்டே போயிருப்போம். அன்றைக்குள் வால்யூமைப் பட்டியலில் சேர்த்து, புதிதாகப் பேக்கப் எடுத்து, திறந்து பார்த்தோம். அதன் பிறகு யாரும் அந்தப் படியை வீண் என்று சொல்லவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அண்ணாச்சி அடுத்த பிடிவாதத்தைத் தொடங்கினார். இரண்டாவது சர்வர் அடுத்த அறையில் இருந்தது. தீ பிடித்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். மதுரைக் கிளையில் ஒரு சர்வரை வைக்கவேண்டும் என்றார். ஸ்டோரேஜ் பெட்டிக்குப் பெட்டி நேரடியாக நகல் அனுப்பும் ஏற்பாட்டுக்கு நிர்வாகத்திடம் பணமில்லை. எங்களிடம் இருந்தது 2 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன். முழு டேட்டாபேஸை அதில் அனுப்பினால் நாள்கணக்கில் ஆகும். ஆகவே முதல் நகலை டிஸ்க்கில் எடுத்து, பாண்டியன் எக்ஸ்பிரஸில் அவரே கொண்டுபோனார். பையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்ததாகச் சொன்னார். அதன்பின் ஆர்க்கைவ் லாகுகள் நிரம்ப நிரம்ப, சுருக்கி, லைன் வழியே மதுரைக்குப் போய் அங்கே செலுத்தப்பட்டன.

இங்கே எல்விஎம் ஸ்னாப்ஷாட் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மதுரை நகலைத் திறந்தால் அது தனிவழி போய்விடும், அடுத்த லாகை ஏற்காது. திறக்காவிட்டால் அது நல்ல நகல்தானா என்று தெரியாது. அதனால் தினமும் விடியற்காலை மதுரை சர்வரிலேயே அந்த வால்யூமுக்கு ஸ்னாப்ஷாட் எடுத்து, அந்த ஸ்னாப்ஷாட்டின் மேல் டேட்டாபேஸைத் திறப்போம். எல்விஎம் ஸ்னாப்ஷாட்டில் எழுதவும் முடியும். திறக்கும்போது நடக்கும் மாற்றங்கள் தனியே ஒதுக்கிய இடத்துக்குப் போகும், அடியிலுள்ள நகலைத் தொடாது. மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு ஸ்னாப்ஷாட்டை எறிந்துவிடுவோம். ஒதுக்கிய இடம் நிரம்பினால் அந்த ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். நகலுக்குக் கேடில்லை, அன்றைய சோதனைதான் போகும். ஆகவே சோதனை நேரத்தில் லாக் செலுத்துவதை நிறுத்தி வைத்தோம்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அன்றிரவு அடையாறு ஈக்காட்டுத்தாங்கலுக்குள் வந்தது. சர்வர் அறை முதல் மாடியில் இருந்ததால் தண்ணீர் அதைத் தொடவில்லை. ஜெனரேட்டரும் யுபிஎஸ் பேட்டரிகளும் தரைத்தளத்தில் மூழ்கிப்போயின.

தண்ணீர் படாத டிஸ்க் என்பதால் மின்சாரம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று மேலே இருந்தவர்கள் நம்பினார்கள். ஸ்டோரேஜ் பெட்டிக்கு எழுத வருவது முதலில் கன்ட்ரோலரின் கேஷ் மெமரியில் நிற்கும். "எழுதியாயிற்று" என்று சர்வருக்குச் சொல்லிவிட்டுப் பிறகே அது டிஸ்க்குக்குப் போகும். மின்சாரம் போனால் அந்த மெமரியைப் பிடித்து வைக்க ஒரு சிறு பேட்டரி உண்டு. எங்கள் பெட்டியின் கையேட்டில் அதற்குப் போட்டிருந்த ஆயுள் 72 மணி நேரம். அந்தத் தெருவுக்கு மின்சாரம் வர அதைவிட நெடுநாள் ஆனது. பிறகு பெட்டியை எழுப்பியபோது, எழுதியாயிற்று என்று ஆரக்கிள் நம்பியிருந்த பிளாக்குகள் சில டிஸ்க்கில் பழைய உருவத்திலேயே இருந்தன. ரீடோ லாகின் கடைசிப் பகுதியும் குலைந்திருந்தது. டேட்டாபேஸ் திறக்கவில்லை.

ஆனால் அதற்காக நாங்கள் காத்திருக்கவில்லை. டிசம்பர் 2ஆம் தேதியே அண்ணாச்சி மதுரையில் இருந்தார். முந்தைய வாரம் குடும்ப விசேஷத்துக்குப் போனவர் மழையால் திரும்பாமல் அங்கேயே தங்கியிருந்தார். சென்னையில் பாதிப் பேரின் செல்போன் எடுக்கவில்லை. எனக்கு லைன் கிடைத்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசி லாக் எத்தன மணிக்குப் போச்சுன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா தம்பி?" முதல் தேதி மாலை வந்ததுதான் மதுரையை எட்டிய கடைசி லாக். அன்றிரவு லைன் செத்துவிட்டது.

அப்போதும் அவர் அவசரப்படவில்லை. நகலை நிரந்தரமாகத் திறக்கும் முன், எப்போதும்போல ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, அதன் மேல் திறந்து, மூன்று கேள்விகளையும் கேட்டார். விடை சரியாக இருந்தது. அதை எறிந்துவிட்டு, பிறகுதான் அசல் நகலைத் திறந்தார். அன்று பிற்பகல் மதுரைக் கிளையிலிருந்து பில் போனது. சென்னை தவிர மற்ற ஊர்க் கிடங்குகளில் எவ்வளவு இன்சுலின் இருக்கிறது, எவ்வளவு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கிறது என்பது அந்தத் திரையில் தெரிந்தது. வேலூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சென்னைக்கு வேன்கள் கிளம்பின. ஈக்காட்டுத்தாங்கல் கிடங்கில் நனைந்தவை எவை என்று அடுக்கு எண்களை வைத்துப் பட்டியல் எடுத்ததும் அந்த நகலிலிருந்துதான். நனைந்த மருந்து ஒரு மாத்திரைகூட வெளியே போகக்கூடாது; பேட்ச் எண் இல்லாமல் அழிப்புப் பட்டியல் போட முடியாது.

கடைசி லாகுக்குப் பிறகு அடித்த பில்கள் சில இருந்தன. வேன் ஓட்டுநர்கள் வைத்திருந்த கார்பன் பிரதிகளைத் திரட்டி, மதுரையில் இரண்டு பெண்கள் கையால் ஏற்றினார்கள். சில தாள்களில் எழுத்து கரைந்திருந்தது. கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டு நிரப்பினார்கள். அவர்கள் செய்த வேலையை அந்த ஆண்டறிக்கையில் யாரும் குறிப்பிடவில்லை. இங்கே குறிப்பிடுகிறேன்.

2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்துக்கு நேர்ந்ததை, ஓய்வு பெற்றுக் கோவில்பட்டிக்குப் போய்விட்டிருந்த அண்ணாச்சிக்கு நான்தான் போனில் படித்துக் காட்டினேன். நகல் சர்வரில் அழிப்பதாக நினைத்து ஒரு பொறியாளர் அசல் டேட்டாபேஸின் டைரக்டரியை அழித்துவிட்டார். நிறுத்தும்போது சுமார் 300 கிகாபைட்டில் 4.5தான் மிஞ்சியது. தினசரி டம்ப் எடுக்கும் கருவி போஸ்ட்கிரஸ் 9.2க்கானது, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸோ 9.6, அதனால் டம்ப் எதுவும் எடுக்கப்படாமலே இருந்தது. தவறு நேர்ந்ததாகச் சொல்லும் மின்னஞ்சல்கள் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. அவர்களைக் காப்பாற்றியது, அதே பொறியாளர் ஏறக்குறைய 6 மணி நேரம் முன்பு சோதனை சர்வருக்காக எடுத்த ஓர் எல்விஎம் ஸ்னாப்ஷாட். அது வேறொரு சர்வரில் திறந்த நிலையில் இருந்தது. இதையெல்லாம் ஒளிக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். மீட்பு வேலையை உலகமே பார்க்க நேரலையாகவும் காட்டினார்கள். அந்த நேர்மைக்காக அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு. அண்ணாச்சி கேட்டுவிட்டு, "அந்தப் பையன வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?" என்றார். இல்லை என்றதும்தான் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

இப்போது நான் பார்க்கும் டேட்டாபேஸ்கள் அமேசான் கிளவுடில், மும்பையில் இருக்கின்றன. 2019 முதல் அங்கே ஒரு சர்வரின் பல வால்யூம்களை ஒரே கணத்தில் சேர்த்து ஸ்னாப்ஷாட் எடுக்க முடிகிறது. நாங்கள் கட்டளை வரிசையோடு மல்லாடியது ஒரே சொடுக்கில் முடிகிறது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து புது வால்யூம் செய்வதும் உடனே ஆகிவிடும். ஆனால் பிளாக்குகள் கேட்கக் கேட்கத்தான் பின்னாலிருந்து வந்து சேரும், முதல் தடவை படிக்கும்போது வெகு மந்தமாக இருக்கும். இதை முன்கூட்டித் தெரிந்துகொள்ளாதவர்கள், மீட்கும் நாளன்று டேட்டாபேஸ் ஏன் ஊர்கிறது என்று தவிப்பார்கள். எங்கள் குழு தினமும் ஸ்னாப்ஷாட்டை ஹைதராபாத்துக்கு, வேறொரு கணக்குக்கு அனுப்பி, அங்கே ஒரு சர்வரை எழுப்பி, திறந்து, மூன்று கேள்விகளைக் கேட்கிறது.

புதிதாக ஒரு கிளையன்டின் டேட்டாபேஸை இந்த முறைக்குக் கொண்டுவந்தபோது முதல் நாளே தடங்கல். அவர்களுடைய ஸ்னாப்ஷாட்டுகள் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் கிளவுட் தானாகத் தரும் சாவியால் பூட்டப்பட்டவை. அந்தச் சாவியால் பூட்டிய ஸ்னாப்ஷாட்டை வேறு கணக்கோடு பகிர முடியாது. மூலக் கணக்கே ஒருவர் கைக்குப் போய்விட்டால் எதையும் வெளியிலிருந்து எடுக்க வழியில்லை. அந்தக் குழுவின் இளம் பொறியாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்களே வைத்திருக்கும் சாவி ஒன்றை உருவாக்கி, மாதக் கடைசி ஸ்னாப்ஷாட்டுகளை அதில் பூட்டி மறுபடி நகலெடுத்து, ஹைதராபாத்துக்கு அனுப்பினோம். அந்த வார இறுதி முழுதும் அதில்தான் போயிற்று. ஞாயிறு இரவு முதல் நகல் திறந்தது. மூன்றில் இரண்டு விடை பொருந்தின. மூன்றாவது, இருப்புத் தொகை, சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம் காட்டியது. ஸ்னாப்ஷாட் எடுத்த நேரத்துக்கும் மூலத்தில் கணக்கைக் கேட்ட நேரத்துக்கும் நடுவில் விழுந்த பில்களைக் கழித்துப் பார்க்கச் சொன்னேன். கழித்ததும் பைசா பிசகாமல் நின்றது. திங்கட்கிழமையிலிருந்து இரண்டு நேரத்தையும் ஒன்றாக்கும்படி ஸ்கிரிப்டை அந்த இளம் பொறியாளர் திருத்தியிருக்கிறார்.